நினைவுச் சான்று

வருமானச் சான்றிதழை யாரும் நம்பாமல் போன பிறகுதான் குல்லா வந்தது.

அதற்கு முன்பு சொந்தமாக இரண்டு கார் வைத்திருந்தவர் பிள்ளைக்கும் ஏழை என்று சான்றிதழ் கிடைத்தது. வீடு வீடாகப் போய்ச் சமைப்பவளின் மகளுக்கு அதே சான்றிதழில் ஒரு கையெழுத்து கிடைக்காமல் கடைசித் தேதி தாண்டிப் போனது. பலமுறை குழு போட்டு, பலமுறை விதி மாற்றிப் பார்த்துவிட்டு, காகிதமே வேண்டாம் என்று கல்வி உதவி வாரியம் முடிவெடுத்தது. மாணவரை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மெல்லிய கம்பி வலை பின்னிய குல்லா ஒன்றைத் தலையில் மாட்டுவார்கள். "உங்கள் குடும்பத்தின் கஷ்டமான ஒரு நாளை நினைத்துப் பாருங்கள்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். நினைப்பது வாழ்ந்த நினைவா, கற்பனையா என்று இயந்திரம் பிரித்துவிடும். கற்பனை என்றால் சிவப்பு விளக்கு. உண்மைதான், ஆனால் பாரம் போதாது என்றால் மஞ்சள். உண்மையும் பாரமும் சேர்ந்திருந்தால் பச்சை. பச்சை விழுந்த பிள்ளைக்குப் படிப்பு முடியும்வரை கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் வாரியத்தின் பொறுப்பு.

அரசாங்கக் காகிதங்களில் அதன் பெயர் நினைவுச் சான்று. கொருக்குப்பேட்டையில் எல்லோரும் குல்லா என்றார்கள். குல்லா போடுவது என்றால் ஏமாற்றுவது என்று ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருந்ததால் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சிரிப்பு.

ஜெசிந்தா அங்கே ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உதவித்தொகை ஆலோசகர். அவளே ஒரு காலத்தில் கையெழுத்து கிடைக்காமல் கல்லூரிக்குப் போக முடியாதவள். தபால் வழியில் பட்டம் வாங்கி, துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். அதனால் பிள்ளைகளுக்காக அவள் யாரிடமும் கெஞ்சுவாள், யாரோடும் சண்டை போடுவாள். குல்லா வந்த பிறகு வேலையின் பெயர் மாறவில்லை, வேலை மாறியது. பயப்படாமல் நாற்காலியில் உட்கார மாணவிகளுக்கு மனப் பயிற்சி தரலாம் என்று விதி இருந்தது. எதை நினைக்க வேண்டும் என்று சொல்லித் தரக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. எல்லாப் பள்ளிகளிலும் அதைத்தான் செய்தார்கள்.

அந்த வட்டாரத்து இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அப்சல் ஆரம்பத்திலேயே அவளிடம் சொல்லியிருந்தான்.

"பசியை நினைக்கச் சொல்லாதீங்க மேடம். பசிக்கு மஞ்சள்தான் வரும்."

"பசிக்கு மேல என்ன கஷ்டம் இருக்கு?"

"தினமும் பசிச்சா மூளை அதைக் கண்டுக்காது. பழகிடும். ஒரே ஒரு நாள் அவமானப்பட்டிருந்தா, பயந்திருந்தா, அது கல்லுல வெட்டி வெச்ச மாதிரி இருக்கும். மெஷின் தேடறது அந்த வெட்டைத்தான்."

அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் யுவராணி என்றொரு பெண் இருந்தாள். கணக்கில் பள்ளியிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் ஒருநாள் சரக்கேற்றிய கப்பல் ஒன்று கரையோரத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு பெரியது ஏன் சாய்ந்தது என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கப்பல் கட்டும் பொறியியல் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது அவள் வகுப்பில் யாரும் அப்படி ஒரு படிப்பைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நுழைவுத் தேர்வு எழுதிக் கொச்சியில் ஒரு கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டாள். அவள் அப்பா டில்லிபாபு பேட்டரி ஆட்டோ ஓட்டுபவர். அம்மா கஸ்தூரி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. பச்சை விழாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

பள்ளி ஆய்வகத்தில் வைத்திருந்த இயந்திரத்தில் பழகிப் பார்க்க எடுத்த சோதனை வாசிப்பில் மஞ்சள் வந்தது. மறுநாளும் மஞ்சள்.

"என்ன நினைச்ச?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"புயல் வந்தப்போ, நாங்க அப்ப இருந்த கீழ்வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு மிஸ். இடுப்பளவு. அதத்தான் நினைச்சேன்."

"அதுக்கு ஏன் மஞ்சள் வருது?"

யுவராணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "நைனா என்னைத் தோள் மேல ஒக்கார வெச்சிக்கினு பாட்டு பாடிக்கினே தண்ணில நடந்தாரு மிஸ். அதுவும் சேர்ந்து ஞாபகம் வந்துடுது."

வேறு நாட்களை முயன்று பார்த்தார்கள். வீட்டில் அரிசி இல்லாத நாளில் டில்லிபாபு பொரியும் டீயும் வாங்கி வந்து, இன்றைக்குப் பார்ட்டி என்று சொல்லியிருக்கிறார். கஸ்தூரிக்கு டைபாய்டு வந்து படுத்த மாதத்தில் அவரே மகளுக்குத் தலை பின்னி, கோணல் வகிடோடு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். எதைத் தொட்டாலும் அதன் ஓரத்தில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார். மஞ்சள், மஞ்சள்.

"ஏழையா இருக்கறது இந்த மெஷினுக்குப் புரியுது யுவா. சந்தோஷமா ஏழையா இருக்கறதுதான் புரியல," என்றாள் ஜெசிந்தா. பிறகு கேட்டாள்: "நைனா மேல உனக்குக் கோபமே வந்ததில்லையா?"

"ஒரு நாள் வந்துச்சு மிஸ். ஆறாவது படிச்சப்போ."

டில்லிபாபு அப்போது கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாமல் தானாக ஓடும் கிரேன்கள் வந்து இறங்கியதும், இருந்தவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். அன்று மதியம் அவர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர் குடித்து மகள் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கஸ்தூரி வேலைக்குப் போயிருந்தாள். பள்ளிக் கண்காட்சிக்காக யுவராணி தெர்மோகோலில் ஒரு கப்பல் செய்து தரையில் வைத்திருந்தாள். அவர் கால் பட்டு அது நொறுங்கியது. அவள் வாய்க்கு வந்தபடி கத்தினாள். அவர் கையை ஓங்கினார்.

"அடிச்சாரா?"

"தெரியல மிஸ்."

"தெரியலன்னா?"

"கண்ண மூடிக்கினேன். பட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வெளிய ஓடிப்போய் படிக்கட்டுல ஒக்காந்து அழுதேன்."

"சத்தம் கேட்டுச்சுன்னா அடிச்சிருப்பார், இல்லையா?"

"இருக்கும் மிஸ்."

"நல்லா யோசிச்சுப் பாரு. எந்தக் கன்னம்?"

ஜெசிந்தா இதைக் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு கெட்டிக்காரப் பெண். அவளுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு விளக்கு. உண்மையில் நடந்த ஒரு நாளைத்தான் எடுத்திருக்கிறோம், மங்கியிருப்பதைத் துடைத்துத் தெளிவாக்குகிறோம், அவ்வளவுதான் என்று அவள் நம்பினாள்.

பள்ளி விட்ட பிறகு ஆய்வகத்தில் தினமும் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடு. கதவு திறக்கிறது. சாராய வாடை. தெர்மோகோல் நொறுங்கும் சத்தம். கை மேலே போகிறது. முதலில் யுவராணிக்கு அந்த இடத்தில் எல்லாம் இருட்டாகத்தான் இருந்தது. பிறகு இடது கன்னம் என்றாள். பிறகு கன்னத்தில் சூடு தெரிந்தது. பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே அழ ஆரம்பித்து வெகுநேரம் நிறுத்த முடியாமல் அழுதாள். அன்று சோதனை விளக்கு மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகப் பார்த்தது.

"மிஸ், இது போதுமே," என்றாள் மறுநாள். "நேத்து நைனா சாப்பாடு போட கையை நீட்டினாரு. நான் பின்னாடி நகந்துட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"பரீட்சை முடிஞ்சதும் படிச்சதெல்லாம் மறந்துபோகும்ல? இதுவும் அப்படித்தான். இன்னும் கொஞ்ச நாள்."

நிஜ வாசிப்பில் பச்சை விழுந்தது. யுவராணி ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டாள். அன்று மாலை டில்லிபாபு ஆட்டோவில் பலூன் கட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்து, அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். யுவராணி மட்டும் சைக்கிளில் வருவதாகச் சொல்லிவிட்டாள். அதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் ஒருநாள் டில்லிபாபு பள்ளிக்கு வந்தார். மெலிந்திருந்தார். ஜெசிந்தா உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், பாப்பாவுக்கு நான் இன்னா பண்ணேன்னு உங்களுக்கு எதுனா தெரியுமா?"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"தீபாவளிக்கு வரல, பொங்கலுக்கு வரல. இப்ப லீவுக்கும் வரல, அங்கயே இன்னாவோ பயிற்சியாம். போன் பண்ணா அவங்க அம்மாகிட்ட பேசுறா. நான் வாங்கினா வெச்சிடுறா. சரின்னு ரயிலேறி கொச்சிக்கே போனேன். காலேஜ் கேட்டாண்ட வந்து நின்னா. நீ என்னை அடிச்சத என்னால மறக்க முடியலன்னு சொல்றா மேடம். நான் எம்பொண்ண அடிச்சதே இல்ல. அவங்க அம்மா அடிக்க வந்தாக்கூட குறுக்க நிப்பேன். எப்ப அடிச்சேன்னு கேட்டதுக்கு, வேலை போன அன்னிக்குன்னு சொல்றா. அன்னிக்கு நடந்தது எனக்கு நல்லா ஞாபகம் கீது. ஓங்கினேன். வாஸ்தவம். அப்புறம் இந்தக் கையை வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு தெரியாம சுவத்துல அறைஞ்சேன். ஒரு வாரம் கை வீங்கிக் கெடந்துச்சு."

பயிற்சியைப் பற்றி ஜெசிந்தா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எந்தக் கன்னம் என்று கேட்டதையும் சேர்த்து. டில்லிபாபு கோபப்படவில்லை. அவருக்கு முழுதாகப் புரிந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் குல்லாவ எனக்கு மாட்டிப் பாருங்க மேடம். நான் அடிச்சேனா இல்லையான்னு அது சொல்லட்டும்."

விடுமுறையில் இயந்திரத்தைச் சரிபார்க்க அப்சல் வந்தபோது, கணக்கில் காட்டாமல் அவருக்குக் குல்லா மாட்டினான். சுவரில் அறைந்ததை நினைக்கச் சொன்னான். பச்சை. பெண்ணை அறைந்ததாக நினைக்கச் சொன்னான். சிவப்பு. மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டான். ஒவ்வொரு முறையும் அப்படியே.

டில்லிபாபுவைத் தண்ணீர் குடிக்க வெளியே அனுப்பிவிட்டு ஜெசிந்தா கேட்டாள். "அப்போ யுவராணிக்கு எப்படிப் பச்சை வந்துச்சு? இல்லாததைச் சொன்னா சிவப்பு வரணும்தானே?"

"முதல் தடவை சொன்னா வரும் மேடம்." அப்சல் திரையைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னான். "அதையே தினமும் உட்கார்ந்து, அழுது, உடம்பு நடுங்க நினைச்சா அது வாழ்ந்த நினைவாயிடும். மூளைக்கு அதுக்கப்புறம் ரெண்டும் ஒண்ணுதான். மூளையே பிரிக்காததை மெஷின் எப்படிப் பிரிக்கும்?"

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மேல இருக்கறவங்களுக்கும் தெரியும். போலிச் சான்றிதழ் ஒழிஞ்சது, அது போதும்னு விட்டுட்டாங்க."

"நான் இப்பவே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. ஆனா புது ஆர்டர்படி இனிமே வருஷா வருஷம் அதே நினைவைத் திரும்ப வாசிப்பாங்க. சந்தேகம் துளி கலந்தாலும் மஞ்சள் வரும். உதவி நின்னுடும். பயிற்சியில புகுத்தினதுன்னு தெரிஞ்சா இதுவரைக்கும் கொடுத்ததையும் அந்தக் குடும்பத்துகிட்ட திரும்பக் கேப்பாங்க."

டில்லிபாபு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள்.

"சொல்ல வேணாம் மேடம்," என்றார். "படிப்பு முடியட்டும்."

"அதுவரைக்கும் அவ உங்களை..."

"அதுவரைக்கும் இன்னா. ஆட்டோ ஓட்டினு இருப்பேன்." ஆட்டோ சாவியை எடுத்தவர் திரும்பினார். "அடிக்கலன்னு சொன்னதுனாலதான் பாப்பாவுக்குக் கோவம் ஜாஸ்தியாச்சு மேடம். பொய் சொல்றியான்னு கேட்டா. அடிச்சேன்னு ஒத்துக்கினா பேசுவாளா?"

அப்சல் அன்று செய்த சோதனையைத் தடயம் எதுவும் இல்லாமல் இயந்திரத்திலிருந்து அழித்துவிட்டுப் போனான்.

டில்லிபாபு மகளுக்குக் குரல் செய்தி அனுப்பினார். குடிவெறியில் கை நீட்டிவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று. கஸ்தூரிக்குக்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஒரு நாளும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள் என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு யுவராணி வந்தாள். "வந்துட்டா மேடம்," என்று அவர் ஜெசிந்தாவுக்குப் போன் செய்து சொன்னார். "சரியா பேசல. ஆனா நான் போட்ட சோத்த சாப்பிட்டா."

அதன்பின் ஜெசிந்தா பிள்ளைகளிடம் அந்த மாதிரிக் கேள்விகள் கேட்பதை நிறுத்தினாள். மனதில் இருப்பதை அப்படியே நினைத்துப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அந்த வருடம் அவள் பள்ளியில் பச்சை விழுந்தவர்கள் மிகவும் குறைவு. மஞ்சள் விழுந்தவர்களில் ஒருத்தி மருத்துவமனை வரவேற்பறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருத்திக்குக் கல்யாணம் பேசினார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு, "மத்த ஸ்கூல்ல எல்லாம் எப்படி வருது ஜெசிந்தா?" என்று கேட்டார். எப்படி வருகிறது என்று இருவருக்குமே தெரியும்.

யுவராணியின் கடைசி வருடத்துக்கு முன்னால் வாரியம் ஒரு புதிய விதி கொண்டுவந்தது. நினைவில் வரும் பெற்றோரும் இனி குல்லா மாட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் நினைவும் பெற்றோரின் நினைவும் பொருந்த வேண்டும். பொய் சொல்பவர்களைப் பிடிப்பதற்காக என்று அறிவிப்பில் இருந்தது.

டில்லிபாபு ஆட்டோவைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்தார்.

"பாப்பாவுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி எனக்கும் சொல்லிக் குடுங்க மேடம்."

"என்னால முடியாதுங்க. ஒரு தடவை பண்ணதே போதும்."

"அவளுக்கு மட்டும் பண்ணீங்களே."

அவர் குத்திக்காட்டவில்லை. ஒரு பிள்ளைக்குக் கொடுத்த மிட்டாயை இன்னொரு பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார். ஜெசிந்தா இரண்டு நாள் மறுத்தாள். மூன்றாவது நாள் ஆய்வகத்தின் கதவைத் திறந்தாள்.

கண்ணை மூடுங்க. கதவைத் திறக்கறீங்க. கால்ல ஏதோ நொறுங்குது. பொண்ணு கத்தறா. கை மேல போகுது. அங்கே அவர் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவார். சிவப்பு. சிவப்பு. வாரங்கள் போயின.

"போக மாட்டேன்னுது மேடம்," என்றார் ஒருநாள், தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே. "நினைப்புலகூட கை போக மாட்டேன்னுது."

"விட்டுடலாங்க. வேற வழி பாப்போம். கடன் வாங்கலாம், நான் ஏற்பாடு பண்றேன்."

"இன்னும் ஒரு வருஷம்தான மேடம். கரைக்குப் பக்கத்துல வந்துட்டா."

ஜெசிந்தா அவரைச் சுவரை நினைக்கச் சொன்னாள். கை வலித்ததை, வீங்கியதை, இரவு அந்தக் கையைப் பார்த்து வெட்கப்பட்டதை. வலியும் வெட்கமும் நிஜம். சுவர் இருந்த இடத்தில் மட்டும் வேறொன்றை வைக்கச் சொன்னாள். எப்படி வைப்பது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அன்று டில்லிபாபு வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டிலேயே பழகிக்கொள்வதாகப் போனில் சொன்னார்.

வாசிப்பு நாளன்று யுவராணி கொச்சியிலும் டில்லிபாபு இங்கேயுமாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இரண்டு இடத்திலும் பச்சை விழுந்தது. பொருத்தம் சரி என்று அந்தப் பெண் குரல் சொன்னது. டில்லிபாபு குல்லாவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யுவராணி படிப்பை முடித்தாள். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலையும் கிடைத்தது. இனி வாசிப்பு இல்லை, வாரியத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்ற கடிதம் வந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஜெசிந்தா நேராக அவர்கள் வீட்டுக்குப் போனாள். எத்தனையோ இரவுகள் அவள் காத்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்.

கஸ்தூரி கடைக்குப் போயிருந்தாள். யுவராணி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். டில்லிபாபு முன்னறையில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்ப அவகிட்ட சொல்லிடலாங்க."

"எதைச் சொல்றது மேடம்?"

"அன்னிக்கு நீங்க அவளை அடிக்கலன்னு."

டில்லிபாபு துணியைக் கீழே வைத்தார். அவளை அவர் பார்த்த பார்வையில் ஒரு கனிவு இருந்தது. துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல வந்தவர்களை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. அப்ப எனக்கே தெரியல மேடம். குடிச்சவனுக்கு இன்னா தெரியும்? சுவர், சுவர்னு சொல்லிக்கினு இருந்தேன். யோசிக்க யோசிக்கத்தான் வெளிய வந்துச்சு. அந்தப் பிஞ்சுக் கன்னம் இந்தக் கையில இன்னும் கீது."

"இல்லைங்க. அது நான் சொல்லிக் கொடுத்தது. அப்சல் முதல்ல மாட்டினப்போ சிவப்பு வந்துச்சு, நீங்களே பார்த்தீங்க."

"அப்ப நான் என்னையே ஏமாத்திக்கினு இருந்திருக்கேன்," என்றார் டில்லிபாபு. "அப்புறம் பச்சை வந்துச்சே மேடம்."

யுவராணி டீயோடு வந்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத டம்ளரைப் பார்த்துக் கொடுத்தாள். மாத்திரை போட்டாரா என்று கேட்டாள். அவர் போட்டேன் என்றதும் நம்பாமல் டப்பாவைத் திறந்து பார்த்தாள். வேலையைப் பற்றிப் பேசினார்கள். கப்பலின் அடிப்பாகத்தில் எடையை எப்படிப் பரப்புவது என்பதை அவள் கைகளால் காட்டி விளக்கினாள். டில்லிபாபு ஒன்றும் புரியாமல் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா கிளம்பியபோது, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கிப் போனார். யுவராணி மாடிப்படிவரை கூட வந்தாள்.

"நைனா இன்னும் மன்னிப்பு கேக்கறாரு மிஸ்," என்றாள். "சாப்பிடும்போது திடீர்னு கேப்பாரு. விடு நைனான்னு சொன்னாலும் விட மாட்டேங்கறாரு. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அடி. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அவராலதான் முடியல."

ஜெசிந்தா படியில் நின்றாள்.

"யுவா, அவர் உன்னை அடிக்கல. சுவத்துல அறைஞ்சார். நீ கேட்ட சத்தம் அதுதான். முதல்ல நீ எங்கிட்ட தெரியலன்னுதான் சொன்ன. எந்தக் கன்னம்னு நான்தான் கேட்டேன். கேட்டுக் கேட்டு நான்தான் அதை உள்ள வெச்சேன். அவருக்கும் நான்தான் வெச்சேன்."

யுவராணி அவசரப்படாமல் கேட்டுக்கொண்டாள். எதையும் மறுத்துப் பேசவில்லை. ஒருவேளை நம்புகிறாள் என்றுகூட ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு யுவராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா கஷ்டப்படுறதைப் பாத்து இப்படிச் சொல்றீங்க. எனக்குப் புரியுது மிஸ். ஆனா எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்." குரலில் கோபமில்லை, குத்தலில்லை, ஆசிரியையிடம் பேசும் மரியாதை அப்படியே இருந்தது. "நீங்க அங்க இல்லையே மிஸ்."

கீழே தெருவில் டில்லிபாபு ஆட்டோவின் பின்சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு, ஜெசிந்தா வருகிறாளா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.